நீ இன்னும் இங்கே வேலை பார்க்கிறாய்

ஜனவரி 12

அன்புள்ள குட்டிக்கு,

அண்ணி எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். அங்கே குளிர் அதிகம் என்று கேள்விப்பட்டேன், நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். போனில் பேசலாம்தான். ஆனால் நான் போனை எடுத்ததும் ஸ்பீக்கரில் போடு என்று உன் அண்ணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார். பிறகு அவர் பேசுகிறார், நான் உம் கொட்டுகிறேன். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

அவர் கடையை மூடி ஒன்றரை வருடம் ஆகிறது. வேலை தேடுவதாகச் சொல்லிக்கொண்டு வீட்டுக் குழாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுகிறார். ஒழுகாமல் இருந்ததும் இப்போது ஒழுகுகிறது. உன் மருமகளுக்கு இது கடைசி வருடப் படிப்பு. காலையில் நான் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினால்தான் இந்த வீட்டில் அடுப்பு எரியும் என்பது மூன்று பேருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

நேர்காணல் நன்றாக நடந்தது, பழைய கம்பெனியில், அதாவது இங்கே நம் கட்டில் கம்பெனியில், விசாரித்துவிட்டு வேலை உத்தரவு அனுப்புவார்கள் என்று எழுதியிருந்தாய். ஆறு வருடம் வீட்டிலேயே கிடந்த பிறகு கிடைக்கப்போகும் வேலை, எனக்கே நெஞ்சு படபடக்கிறது. தாராளமாக விசாரிக்கட்டும். உன்னைக் குறை சொல்ல இங்கே ஆள் இல்லை. அதுமட்டுமா, நீ இன்னும் இங்கே வேலை பார்க்கிறாய். நேற்று ஒரு நாளில் முப்பத்தாறு ஆர்டருக்கு அப்ரூவல் கொடுத்திருக்கிறாய். ஞாயிற்றுக்கிழமைகூட லீவு எடுப்பதில்லை.

சிரிக்காதே, நிஜம்தான். நீ போய் ஆறு வருடம் ஆகியும் உன் லாகினை யாரும் மூடவில்லை. சிஸ்டத்தில் எல்லா இடத்துக்கும் போகும் அனுமதி உன் பெயருக்குத்தான் இருக்கிறது. இன்னொருவருக்கு அதைக் கொடுக்க வேண்டுமென்றால் சாஃப்ட்வேர்க்காரர்கள் வர வேண்டும். அவர்களோடு போட்ட ஒப்பந்தத்தை, எல்லாம்தான் ஓடுகிறதே என்று மேனேஜர் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசிய கதை. அதனால் பர்ச்சேஸில் நான், டிஸ்பாட்சில் ஒருவர், ஸ்டோரில் ஒருவர் என்று ஆளுக்கொரு நேரம் நீயாக உள்ளே போய் வருகிறோம்.

இந்தச் சிஸ்டம் வந்த முதல் வருடம் நீ எப்படி ஓடினாய் என்று நினைத்துப் பார்க்கிறேன். ஒவ்வொருவர் பக்கத்திலும் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாய். ஒரு பெட்டி போல்ட்டு வந்தாலும் ஏற்றியாச்சா என்று துரத்துவாய். காலையில் திரையைப் பார்த்தால் ஸ்டோரைப் பார்த்த மாதிரி இருக்கும். நீ கற்றுக்கொடுத்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். போகும்போது தனக்குத் தெரிந்ததில் பாதியை அடுத்தவருக்குச் சொன்னார்கள், அவர் அதில் பாதியை. அப்போது மூன்று வகை ஆஸ்பத்திரிக் கட்டில் செய்தோம், இப்போது பதினொன்று. சிஸ்டத்துக்கு அதில் பாதிதான் தெரியும். நிரப்பாமல் நகர விடாத கட்டங்களில் ஒரு புள்ளி வைத்துவிட்டுப் போகிறோம். அவரவர் வேலைக்கு அவரவர் எக்செல், மேனேஜருக்கு ஒரு நோட்டு. எல்லாம் முடிந்த பிறகு சாயங்காலம் கடமைக்காகச் சிஸ்டத்தில் ஏற்றுகிறோம். அதிலிருந்து வரும் அறிக்கையை ஒருவரும் படிப்பதில்லை, படிக்காததால் சரியாக ஏற்றுவதில்லை, சரியில்லாததால் படிப்பதில்லை. கழுதை தேய்ந்து கட்டெறும்பாகிவிட்டது, குட்டி.

இப்போது உண்மையான இருப்பெல்லாம் ஸ்டோர்க்காரர் தலைக்குள்தான் இருக்கிறது. எது எங்கே இருக்கிறது, எதற்கு எதை மாற்றிக் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். அவர் அடுத்த வாரம் முழங்கால் ஆபரேஷனுக்குப் போகிறார், நாற்பது நாள் வரமாட்டார். பேக்கிங்கில் இருக்கும் ஒருவரை அங்கே உட்கார வைக்கிறார்கள். சாதுவான மனிதர், சொன்னதைச் செய்வார்.

உத்தரவு வந்ததும் முதலில் எனக்குச் சொல்.

உன் அண்ணி


பிப்ரவரி 21

அன்புள்ள குட்டிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. குழந்தை பல் விழுந்த போட்டோவை உன் அண்ணன் எல்லாருக்கும் காட்டிவிட்டார். பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். இங்கே நிலவரம் சரியில்லை.

சென்ற மாதக் கடைசியில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் பதினெட்டு மோட்டார் கட்டில் அனுப்பினோம். அது நீ போன பிறகு வந்த வகை, கனமானது. வயிற்றில் ஆபரேஷன் முடிந்த ஒருவர், பஸ் டிரைவராம், கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிறார். பிரேக் போட்டிருந்தும் கட்டில் நகர்ந்துவிட்டது. விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. வயது நாற்பத்து நான்கு.

பார்த்தால், பதினெட்டுக் கட்டிலிலும் பழைய சக்கரம் மாட்டியிருக்கிறது. சாதாரணக் கட்டிலுக்குப் போடுவது. மோட்டார் கட்டிலின் கனத்தை அதன் பிரேக் தாங்காது, அதற்கு இரும்புப் பூட்டு வைத்த புதுச் சக்கரம்தான் போட வேண்டும். ஆனால் சிஸ்டத்தில் மோட்டார் கட்டிலின் பாகப் பட்டியலில் பழைய சக்கரம்தான் இருக்கிறது. நான்கு வருடமாக ஸ்டோர்க்காரர் பட்டியலில் பழையதைப் பார்த்து, கையில் புதியதை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். வருடக் கடைசியில் இரண்டு சக்கரத்தின் எண்ணிக்கையும் இடிக்கும், நாங்கள் அதைச் சமன் செய்து மூடிவிடுவோம். ஏன் இடிக்கிறது என்று ஒரு வருடம்கூட யாரும் கேட்கவில்லை.

பேக்கிங்கிலிருந்து வந்தவருக்கு இதெல்லாம் தெரியாது. அவரைக் கூப்பிட்டு மேனேஜர் கத்தியபோது, கைகட்டி நின்றுகொண்டு ஒன்றே ஒன்று சொன்னார்: "சிஸ்டத்துல என்ன போட்டிருந்ததோ அதைத்தான் சார் எடுத்துக் குடுத்தேன்." எங்கள் எல்லாரிலும் அந்தச் சிஸ்டத்தை நம்பிய ஒரே ஆள் அவர்தான்.

மேனேஜருக்கு ஒரே பதில்தான், சாஃப்ட்வேர் பழசாகிவிட்டது. புதிது விற்க இரண்டு பேர் வந்து படம் போட்டுக் காட்டினார்கள். எல்லாரும் தலையாட்டினோம். புதிது வந்தாலும் அதன் முன்னால் உட்காரப் போகிறவர்கள் நாங்கள்தானே என்று எனக்குத் தோன்றியது.

ஆஸ்பத்திரிக்காரர்கள் எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். தயாராகிக்கொண்டிருக்கிறது.

உனக்கு வேலை உறுதியாகிவிட்டதா? உத்தரவு கைக்கு வந்துவிட்டதா, இல்லை இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறார்களா? மறக்காமல் எழுது.

உன் அண்ணி


மார்ச் 4

அன்புள்ள குட்டிக்கு,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி. நலம் விசாரிக்க இன்று எனக்கு யோக்கியதை இல்லை.

அந்தப் பாகப் பட்டியலுக்கு அப்ரூவல் கொடுத்தது நீ என்று சிஸ்டத்தில் இருக்கிறது. உன் பெயர் மட்டும்தான் இருக்கிறது. அன்றைக்கு நீயாக உள்ளே போனது நான்.

நான்கு வருடத்துக்கு முன், மோட்டார் கட்டிலின் முதல் ஆர்டர். மதியத்துக்குள் பட்டியல் ஏறாவிட்டால் பொருள் வாங்க முடியாது. புதுச் சக்கரத்துக்குச் சிஸ்டத்தில் புதுப் பாக எண் வேண்டும், அந்த எண்ணைக் கொடுக்க வேண்டிய டிராயிங் பிரிவு நாற்காலி மூன்று மாதமாகக் காலி. எழுதுகிறவர் ஒருவர், சரிபார்க்கிறவர் இன்னொருவர் என்று நீதானே ஏற்பாடு செய்தாய். நான் டிராயிங் பிரிவின் பொது லாகினில் போய்ப் பழைய கட்டிலின் பட்டியலை அப்படியே நகல் எடுத்தேன். வெளியே வந்து, உன் பெயரில் போய், சரி என்று அழுத்தினேன். எழுதியதும் நான், பார்த்ததும் நான். அதாவது யாருமே பார்க்கவில்லை. சக்கரத்தை மட்டும் அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்து, ஸ்டோர்க்காரரிடம் வாயால் சொல்லிவிட்டு வந்தேன். சக்கரத்துக்கு எண் பிறகு வந்தது, பட்டியலை மாற்றும் அந்த அப்புறம் மட்டும் வரவே இல்லை. அவர் ஒருநாள்கூடத் தவறாமல் சரியாகக் கொடுத்தார், அதனால் எனக்கு அது மறந்தே போனது.

விபத்து நடந்த மறுநாள் பட்டியலைத் திறந்ததும் எனக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. போன கடிதம் எழுதும்போது தெரியும், குட்டி. மறைத்துத்தான் எழுதினேன்.

விளக்கக் கடிதத்தை மேனேஜர் தயார் செய்துவிட்டார். முன்பு இங்கே வேலை பார்த்தவர் செய்த தவறு என்று உன் பெயரைப் போட்டு எழுதியிருக்கிறார். தேதி போடவில்லை. நீ அதற்கு இரண்டு வருடம் முன்பே போய்விட்டாய் என்று ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு எப்படித் தெரியும்? பர்ச்சேஸ் பொறுப்பாளர் என்பதால் கீழே நான் கையெழுத்துப் போட வேண்டும். நான் தயங்கியதைப் பார்த்துவிட்டு, "அவங்க எங்கேயோ இருக்காங்க, அவங்களுக்கு இதனால என்ன வந்துடப்போகுது?" என்றார். உன் புதுக் கம்பெனியிலிருந்து வந்த விசாரணைக் கடிதம் அவர் மேசையில்தான் கிடந்தது. இது முடிந்ததும் அதற்கும் பதில் போட்டுவிடலாம் என்றார்.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் செய்தவளுக்குப் பழி வேறிடம் போவது எவ்வளவு சுகமாக இருக்கிறது என்பதையும் நான் சொல்லிவிட வேண்டும். உனக்கு உத்தரவு வந்துவிட்டதா என்று கேட்டு எழுதினேனே, அது அக்கறையில் கேட்டது இல்லை. வந்துவிட்டதென்றால் உனக்கு இனி ஒன்றும் ஆகாது, கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டுக் கேட்டது. நீ பாட்டுக்கு, அண்ணிக்குத்தான் என்மேல் எவ்வளவு கவலை, இன்னும் வரவில்லை அண்ணி, வேண்டிக்கொள்ளுங்கள் என்று பதில் எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டும் நான்கு நாள் சும்மா இருந்தேன். வீட்டில் இவர் குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தார், மகள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். யாரைப் பார்த்தாலும் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றே தோன்றியது.

இடையில் அந்த டிரைவரின் மனைவி ஆபீசுக்குப் போன் செய்தார். என் மேசையில்தான் அடித்தது. சண்டை போடவில்லை. அந்த அம்மா கேட்டது இதுதான்: "இதை யாருங்க பார்த்து அனுப்பினாங்க? அவங்ககிட்ட ஒரு நிமிஷம் பேசணும்." நான், "அவங்க இப்ப இங்க இல்லீங்க," என்றேன். எனக்கே தெரியாமல் அவ்வளவு இயல்பாக வந்தது. போனை வைத்துவிட்டுப் பத்து நிமிடம் வாஷ்ரூமில் போய் நின்றேன்.

நேற்று காலை நடந்ததை நடந்தபடி இரண்டு பக்கம் எழுதினேன். தேதி, நேரம், நான் உட்கார்ந்த கம்ப்யூட்டர், எல்லார் கையிலும் உன் பாஸ்வேர்டு இருப்பது, சமன் செய்து மூடிய நான்கு வருடக் கணக்கு, எல்லாம். பேக்கிங்காரர் மேல் தப்பு இல்லை என்றும் எழுதினேன். மேனேஜரிடம் ஒன்று கொடுத்தேன், ஆஸ்பத்திரிக்கு ஒன்று நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். உன் புதுக் கம்பெனிக்குப் போகும் பதிலில் உன் கடைசி வேலை நாள் எது என்று எழுதி அனுப்பும்படி ஆபீசில் கேட்டு, அது போனதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். மேனேஜர் கத்தவில்லை. கூப்பிடும்வரை வர வேண்டாம் என்று மட்டும் சொன்னார். கூப்பிட மாட்டார்.

வாசலில் நின்று அந்த அம்மாவுக்குப் போன் செய்தேன். நான்தான் பார்க்காமல் அனுப்பியது என்று சொன்னேன். முழுதும் கேட்டுக்கொண்டார். பிறகு, "அன்னிக்கு அவங்க இங்க இல்லைன்னு சொன்னதும் நீங்கதானேங்க?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். வைத்துவிட்டார்.

உன் அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை. உடம்பு சரியில்லை, அதனால் லீவு என்று நினைத்து, காலையிலிருந்து என்னைப் படுக்கச் சொல்லி விரட்டுகிறார். கஞ்சி வேறு வைத்துக் கொடுத்தார். இன்று சாயங்காலத்துக்குள் நானே சொல்லிவிடுவேன், அதுவரை நீ முந்திக்கொள்ளாதே. அவர் உன் பக்கம் நின்று என்னைத் திட்டினால் அது நியாயம்தான், அவருக்கு நீ எதுவும் எடுத்துச் சொல்ல வேண்டாம்.

உன் பெயரை எடுத்து ஆறு வருடம் உடுத்திக் கிழித்துவிட்டோம், அதில் பெரிய கிழிசல் என்னுடையது. மன்னித்துவிட்டேன் என்று எழுதாதே, அதைப் படிக்க எனக்கு இப்போது திராணி இல்லை. கோபமாக இருந்தால் எழுதாமலே இரு, புரிந்துகொள்வேன். ஆனால் வேலை கிடைத்தால் மட்டும், கிடைத்தது என்று ஒரே ஒரு வரி எழுதிவிடு குட்டி. வேறு ஒன்றும் வேண்டாம். நீயும் உன் குடும்பமும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும்.

உன் அண்ணி