நூற்றுப் பன்னிரண்டு வார்த்தைகள்

சேசு மரி சூசை துணை

பாலக்கரை, திருச்சி
5-5-1957

அன்புள்ள அத்தானுக்கு, ராணி எழுதுவது. நானும் அத்தையும் சுகம். விழுப்புரத்து மெஸ் சாப்பாடு உங்க வயித்துக்கு ஒத்துக்குதா?

பத்திரிகைப் போட்டிக்கு லிஸ்ட் முடிச்சுட்டேன்! ஆர், ஐ, வி, ஈ, இந்த நாலு எழுத்தும் இருக்கிற இங்கிலீஷ் வார்த்தை எத்தனை தெரியுமா? நூத்திப் பன்னிரண்டு. ரிவர், டிரைவர், சில்வர்னு முதல் பத்து சுலபமா வந்துடுச்சு. அப்புறம்தான் உயிர் போச்சு. 'யூனிவர்சிட்டி' குழாயடியில கிடைச்சுது. 'லிவர்' ஞாயித்துக்கிழமை கறிச்சட்டியில. "என்னடி முணுமுணுக்கிறே, ஜெபமாலையா?"ன்னு அத்தை கேட்டாங்க. ஆமான்னுட்டேன். இந்தப் பொய்யை அடுத்த பாவசங்கீர்த்தனத்துல சாமியார்கிட்ட சொல்லிக்கணும்.

கூப்பன் உங்க ஆபீஸ் வாசகசாலைப் பத்திரிகையிலதானே இருக்கு? நீங்களே நிரப்பி, லிஸ்டையும் வெச்சு அனுப்பிடுங்க. கான்வென்ட் ஸ்கூல்ல டீச்சர் வேலை கேட்டப்போ ஹெட் சிஸ்டர் சொன்னது ஞாபகம் இருக்கில்ல? "எஸ்.எஸ்.எல்.சி.யில இங்கிலீஷ்ல ஃபெயிலான பெண்ணை எப்படிம்மா இங்கிலீஷ் நடத்தச் சொல்றது? அந்தப் பத்திரிகையில உன் பேர் வரட்டும், மூணாம் வகுப்பு உனக்குத்தான்." அந்த ஒரு வாக்கைத்தான் நம்பியிருக்கேன்.

இன்னொண்ணு. கவர் மேல 'மிஸஸ் அற்புதசாமி'ன்னு எழுதாதீங்கன்னு எத்தனை தரம் சொல்றது? ஞானஸ்நானத்தப்பவே எனக்குப் பேர் வெச்சாச்சு.

உங்கள்
லூர்துராணி


விழுப்புரம்
10-5-1957

அன்புள்ள ராணிக்கு,

லிஸ்ட் கிடைத்தது. அம்மாடி, இவ்வளவா! அன்றைக்கே கூப்பனை நிரப்பித் தபாலில் சேர்த்துவிட்டேன். கவலையை விடு. அம்மாவின் மூட்டு வலிக்குத் தைலம் தேய்க்க மறக்காதே.

அன்புடன்
அற்புதசாமி


பாலக்கரை
9-6-1957

அத்தானுக்கு,

அவசரமா எழுதறேன். எழுத்து கோணலா இருந்தா பொறுத்துக்குங்க.

இன்னிக்குப் பூசை முடிஞ்சு வெளியில வந்தா, ஆளாளுக்கு என்கிட்ட ஓடி வர்றாங்க. "கொடுத்து வெச்சவம்மா நீ! உன் வீட்டுக்காரர் முதல் பரிசாமே!" எனக்கு ஒண்ணும் புரியலை. பக்கத்து வீட்டு ரோசரி அக்கா பத்திரிகையை விரிச்சுக் காட்டினாங்க. நூத்திப் பன்னிரண்டு வார்த்தை, முதல் பரிசு, எஸ். அற்புதசாமி, விழுப்புரம்.

அங்கேயே படிக்கட்டுல உட்கார்ந்துட்டேன். அச்சுப் பிழையா இருக்கும்னு நினைச்சு அந்தப் பத்திரிகையை வாங்கிக்கிட்டு ஹெட் சிஸ்டர்கிட்ட ஓடினேன். அவங்க கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ரெண்டு தரம் படிச்சாங்க. "இதுல உன் பேர் எங்கேம்மா?"ன்னு கேட்டாங்க. இது எப்படி நடந்துது? நீங்களே சொல்லுங்க.

லூர்துராணி


விழுப்புரம்
12-6-1957

என் அன்புள்ள ராணிக்கு,

உன் கடிதம் பார்த்துத் தூக்கிவாரிப் போட்டது. மாதா சத்தியமாக நான் வேண்டுமென்று செய்யவில்லை. ரேஷன் கார்டு, பால் கார்டு, கோயில் சந்தாச் சீட்டு, எதில்தான் நான் என் பேரை எழுதவில்லை? படிவத்தைப் பார்த்தாலே கை தானாக எழுதிவிடுகிறது. வீட்டுக்கு வந்த பெருமை யார் பேரில் வந்தால் என்ன? நான் வேறு நீ வேறா?

இங்கே என் பாடு பெரும்பாடு. எங்கள் ஆபீசர் தேசிகாச்சாரி பத்திரிகையைப் பார்த்துவிட்டு செக்‌ஷன் முழுக்கக் கேட்கும்படி பாராட்டினார். அத்தனை பேர் முன்னால் எப்படி மறுப்பது? தலையை ஆட்டிவிட்டேன். உடனே ஒரு காகிதத்தில் டி, ஈ, ஏ, சி, எச் என்று எழுதி நீட்டினார். "இந்த அஞ்சும் இருக்கிற வார்த்தை இருபது, 24ஆம் தேதிக்குள்ள எழுதிண்டு வாரும். இங்கிலீஷ் கடிதப் பிரிவுக்கு உம்மைத்தான் போடப்போறேன்" என்கிறார். மூன்று நாளாக மண்டையை உடைத்துக்கொள்கிறேன். 'டீச்சர்' தவிர ஒன்றும் வரவில்லை. உனக்கு அரை மணி வேலை. உடனே அனுப்பு ராணி. என் மானம் உன் கையில்.

உன்
அற்புதசாமி


பாலக்கரை
16-6-1957

அத்தானுக்கு,

அரை மணி கூட ஆகலை. இருபது கேட்டார், முப்பத்தொண்ணு வந்துது. டீச்சர், கதீட்ரல், சாப்டர், ஆர்க்கிடெக்ட்... அந்த அஞ்சு எழுத்தை மாத்திப் போட்டாலே ஏமாத்துறதுங்கிற வார்த்தையும் வந்துடும். அதை மட்டும் சேர்க்கலை. அவ்வளவு மனசு வரலை.

லிஸ்டை உங்களுக்கு அனுப்பலை. உங்க ஆபீசர் ஞாயித்துக்கிழமை ஸ்ரீரங்கம் வீட்டுக்கு வருவார்னு நீங்கதானே ஒரு தரம் சொன்னீங்க? இன்னிக்கு பஸ் ஏறி, உத்தர வீதியில விசாரிச்சுப் போனேன். வாசல்லயே நின்னு நீட்டினேன். அடியில என் பேர் இருந்துது. பழைய நூத்திப் பன்னிரண்டுக்கு நான் பென்சில்ல எழுதி வெச்ச நோட்டையும் காட்டினேன். அவர் பக்கம் பக்கமாப் புரட்டினார். அப்புறம், "உள்ளே வந்து உட்காரும்மா"ன்னார்.

உங்களைக் கெட்டவர்னு சொல்லலை. படிவத்தைப் பார்த்தா கை தானா எழுதிடும்னு நீங்க எழுதினதைத்தான் சொன்னேன். நாளைக்குக் காலை ரயில்ல அவர் விழுப்புரம் வர்றார். இந்தக் கடிதத்துக்கு முன்னாடியே வந்துடுவார்.

நான் வேறு நீ வேறான்னு கேட்டீங்களே. படிக்கட்டுல உட்கார்ந்திருந்தப்போ நான் தனியாத்தான் இருந்தேன்.

லூர்துராணி


பாலக்கரை
14-7-1957

அத்தானுக்கு,

நாலு வாரமா உங்ககிட்டேருந்து ஒரு வரி இல்லை. அத்தை தினமும் தபால்காரரைப் பார்க்கிறாங்க. நானும்தான்.

லிஸ்ட் நான் போட்டதுதான்னு ஆபீசர் கைப்பட ஒரு கடிதம் வந்துது. பத்திரிகைக்கும் எழுதியிருக்காராம். அதைக் கொண்டுபோய் ஹெட் சிஸ்டர்கிட்ட கொடுத்தேன். நாளையிலேருந்து மூணாம் வகுப்பு எனக்கு. நாற்பத்திரண்டு பிள்ளைங்க.

கோபம் ஆறினதும் எழுதுங்க. கண்டிப்பா எழுதுங்க. ஆனா கவர் மேல என் பேரைப் போடுங்க. மிஸஸ் அற்புதசாமின்னு வந்தா, அப்படி இங்கே யாருமில்லைன்னு திருப்பி அனுப்பச் சொல்லிட்டேன் தபால்காரர்கிட்ட.

லூர்துராணி