3215031751 சொன்ன பொய்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். உன் மூட்டுவலி தேவலையா? அப்பா மாத்திரை போடுகிறாரா, உனக்கு டிமிக்கி கொடுக்கிறாரா?

இங்கே ஒரு சின்னக் கூத்து. 3215031751 என்ற எண் ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதாலும் வகுபடாத பகா எண்தானா என்று எங்கள் ஆய்வகத்தில் சோதித்தோம். வகுத்துப் பார்ப்பதில்லை; ஒரு சின்ன எண்ணை வைத்து 'நீ பகா எண்தானா?' என்று கேட்கிற குறுக்குவழிக் கணக்கு அது, சில போலி எண்கள் அதில் 'ஆமாம்' என்று சொல்லித் தப்பிவிடும். இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு என்று ஒவ்வொன்றாக வைத்துக் கேட்டதில், நான்கிலும் தேறிவிட்டது. பக்கத்து மேசைக்காரர், "நாலு தடவை கேட்டாச்சு, விடுப்பா" என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை. காய்கறிக்காரரின் தராசைத் தூக்கிப் பார்க்கிறவளின் பிள்ளை அல்லவா! பதினொன்றை வைத்தும் அதே கேள்வியைக் கேட்டேன், குட்டு உடைந்தது. 151, 751, 28351 மூன்றையும் பெருக்கினால் வரும் எண் அது. நாலு பேரிடமும் கூசாமல் பொய் சொல்லியிருக்கிறது.

என் பழைய போர்வையை அனுப்பு. இங்கே கடையில் கிடைக்காமல் இல்லை. துவைக்காமலே அனுப்பு.

போனில் நீ, "சாப்டியா? தூங்கினியா? உடம்பு எப்படி? பேச்சுத்துணைக்கு ஆள் இருக்கா?" என்று கேட்கிறாய். நான்கிற்கும் சரியாகப் பதில் சொல்கிறேன். தராசையே நம்பாத நீ, என்னை நம்பி போனை வைத்துவிடுகிறாய்.

தபால் எடுக்க வந்துவிட்டார்கள். அடுத்த முறை ஐந்தாவதாக ஒன்று கேளம்மா.

உன் மகன்