காலியாக விட்ட கட்டம்

தில்லி, ஜங்புரா

அன்புள்ள அப்பாவுக்கு வீராயி வணக்கத்துடன் எழுதுவது. முட்டி வலிக்கு மாத்திரை ஒழுங்காகப் போடுகிறீர்களா? அம்மாவுக்கு இருமல் நின்றதா? இங்கே எல்லோரும் நலம்.

ஒரு கூத்தைக் கேளுங்கள். நான் கூட்டிப் பெருக்கும் பள்ளிக்கூடத்தில் ஆயா வேலைக்குப் பத்தாவது வேண்டுமாம். படிப்பைப் பாதியில் விட்டவர்களும் பரீட்சை எழுத அரசாங்கம் வழி செய்திருக்கிறதே என்று, லீவு போட்டு மூன்று தடவை அந்தப் பரீட்சை ஆபீசுக்கு அலைந்துவிட்டேன். இரண்டு தடவை போட்டோ சரியில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். நேற்று டி.சி. கேட்கிறார் அங்கிருக்கும் கிளார்க்.

"அண்ணா, படிப்பை விட்டவங்களுக்குத்தானே இந்தத் திட்டம்?" என்று இந்தியில் கேட்டேன்.

"அச்சா, ஆனா விட்டதுக்கு அத்தாட்சி வேணுமே" என்கிறார்.

முப்பத்திநாலு வயதில் வரிசையில் நிற்கிறேனே, அது போதாதா?

என் மஞ்சள் நீராட்டுச் சடங்குப் பத்திரிகையையும் ஆல்பத்தையும் பீரோவில் பத்திரமாக வைத்திருக்கிறீர்கள். சடங்கு முடிந்த மறுவாரமே நீங்கள் பள்ளிக்கூடத்துக்குப் போய் வாங்கி வந்த டி.சி. எங்கே அப்பா? தேடி ரிஜிஸ்டர் தபாலில் அனுப்புங்கள். கூடவே கொஞ்சம் வடகமும் வையுங்கள். இங்கே வாங்குவதில் நம் வீட்டு வாசனை இல்லை.

விண்ணப்பத்தில் 'படிப்பை ஏன் விட்டீர்கள்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. எல்லோரும் குடும்பக் கஷ்டம் என்று எழுதுகிறார்கள். நமக்கு அப்போது கஷ்டம் இல்லை. நான் வகுப்பில் முதல் ரேங்க். அதனால் காலியாக விட்டிருக்கிறேன்.

பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து எழுதுகிறேன், பஸ் வரும் நேரமாகிவிட்டது. அந்தக் கட்டத்துக்கான பதிலை நீங்களே தமிழில் எழுதி அனுப்புங்கள். இந்தியில் நான் எழுதிக்கொள்கிறேன்.

உங்கள் மகள்
வீராயி