மீன் இல்லாத தொட்டிக்கு ஒரு சூடான அறை

சேக்காடு, ஆவடி
ஐப்பசிக் கடைசி

அன்பு மகன் ஸ்ரீகாந்துக்கு அப்பா எழுதுவது.

இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். அங்கே மீன்தொட்டி சுகமா? லாவண்யாவும் அவள் வயிற்றிலிருக்கும் குழந்தையும் நன்றாக இருக்க வேண்டுமென்று தினமும் வேண்டிக்கொள்கிறோம். தொட்டிக்காக எந்தச் சாமியிடம் வேண்டுவது என்று தெரியவில்லை, தெரிந்தால் எழுது.

போனில் பேசினால் உனக்கு உடனே மீட்டிங் வந்துவிடும், அதனால்தான் கடிதம். ஞாயிற்றுக்கிழமை நீ அம்மாவிடம் சொன்னதை அப்படியே என்னிடம் சொன்னாள். குழந்தை வரப்போவதால் மீன்களை நண்பனிடம் கொடுத்துவிட்டாயாம். காலித் தொட்டியைக் கார் ஷெட்டில் வைத்தால் அங்கே ஹீட்டர் இல்லை, கனடாக் குளிரில் கண்ணாடி விரிசல் விட்டுவிடும் என்று, அம்மாவுக்கு ஒதுக்கிய அறையில் வைத்திருக்கிறாயாம். இனி கட்டில் போட இடமில்லை, ஆகையால் அம்மா மார்கழியில் வர வேண்டாம், சித்திரையில் வரட்டுமாம். பிரசவம் தை மாதம். சித்திரை வரை பொறுத்திருக்கக் குழந்தை சம்மதித்துவிட்டதா என்பதை நீ சொல்லவில்லை.

லாவண்யா தாயில்லாத பெண். "அத்தே, நீங்க பக்கத்துல இருந்தா எனக்குப் பயமில்ல" என்று அவள் கேட்டதற்காகத்தான், பக்கத்து நெமிலிச்சேரியைத் தாண்டித் தனியாகப் போயிராத உன் அம்மா விசா வரிசையில் நின்றாள். இப்போது "இன்னா பண்றது, கண்ணாடியாச்சே, குளிரு தாங்குமா" என்று உனக்காகப் பரிந்து பேசுகிறாள். எதிர்வீட்டு ஜெகதாம்பாள், "இன்னாக்கா, மீனே இல்லாத தொட்டிக்கு ரூமு கீது, உனக்கு இல்லியா?" என்று கேட்டதற்கும், "புள்ள ஆசையா வாங்கினதுடி" என்று சிரித்து வைத்தாள். பிறகு உள்ளே வந்து, குழந்தைக்குத் தூளி கட்டத் துவைத்து வைத்திருந்த நூல் புடவைகளில் இரண்டை எடுத்து மடித்துத் தைக்க உட்கார்ந்துவிட்டாள். தொட்டிக்கு உறையாம். பார்சலில் அனுப்பினால் நீ அதைப் போர்த்தி ஷெட்டில் வைப்பாயாம், அறை காலியாகுமாம். அவள் கையில் அந்த ஊசியைப் பார்த்தபோதுதான் எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது.

நீ ஆதாரமாக அனுப்பிய ஆங்கிலக் கட்டுரையைக் கடைசி வரி வரை படித்தேன். நீ தலைப்போடு நிறுத்திக்கொண்டாய் போலிருக்கிறது. கண்ணாடியை உடைப்பது குளிர் அல்ல, உள்ளே மிச்சமிருந்து உறையும் தண்ணீர். ஈரமில்லாமல் துடைத்துக் காயவை, குழாய்களிலும் நீர் நிற்கக் கூடாது, சமமான பலகையில் தெர்மாகோல் விரித்து அதன்மேல் வை, மேலே எதையும் அடுக்காதே, கார் இடிக்காத மூலையாகப் பார். எல்லாம் அதிலேயே இருக்கிறது. தாயாரின் பயணத்தைத் தள்ளிப்போடு என்று மட்டும் எங்கும் இல்லை, இரண்டு முறை தேடினேன்.

டிக்கெட்டை ரத்து செய்யவில்லை. அம்மா தைத்த உறையை நேற்று நானே பிளேடால் பிரித்து, புடவைகளை மடித்து, பிரசவ லேகியத்தோடு அவள் பெட்டியில் வைத்தேன். அவை தூளிக்குத்தான், தொட்டிக்கு உன் கம்பளியைப் போர்த்து. அம்மாவுக்கு என்மேல் கோபம்தான். ஆனால் பெட்டியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

லாவண்யாவுக்குச் சுகப்பிரசவம் ஆகட்டும், மூவரும் குறைவில்லாமல் வாழுங்கள். விமான நிலையத்துக்குத் தடித்த கோட்டு ஒன்று கொண்டு வா, மறக்காதே. இன்னொன்று, அம்மா வரும்போதும் அந்த அறையில் தொட்டி இருந்தால், "பரவால்ல நைனா, நான் ஷெட்டுல படுத்துக்கறேன்" என்பாள். சொன்னால் செய்வாள். அவளை எதைப் போர்த்தி, எந்த மூலையில் வைப்பது என்று அந்தக் கட்டுரையில் போடவில்லை.

ஆசிகளுடன்,
உன் அப்பா
உத்தமன்