853-ஆல் யார் வகுத்தது?

ஜூலை 14, திங்கள்

1000003 பகா எண். அதில் சந்தேகமே இல்லை. திருப்பிப் போட்டால் 3000001. அதுவும் பகா எண்தான் என்று இன்று முடிவு செய்துவிட்டோம். அதன் வர்க்கமூலமான 1732 வரையுள்ள பகா எண்கள் எல்லாவற்றாலும் கையாலேயே வகுத்தாயிற்று, எதுவும் மீதியில்லாமல் வகுக்கவில்லை. இவருக்கு மைன்ஸில் ஷிப்ட், எனக்குப் பள்ளிக்கூடம். வீட்டில் இருக்கிறவர் வகுப்பது, கிளம்புகிறவர் தாளை மேசையில் விட்டுப் போவது. கல்யாணமாகி ஆறு வருடத்தில் நாங்கள் சேர்ந்து செய்த உருப்படியான காரியம் இதுதான்!

25-ஆம் தேதி கணித விழாவில் பேசுகிறேன். போர்டுகூட எழுதியாயிற்று: 'எப்படிப் படித்தாலும் பகா எண்.'

ஜூலை 17

கம்ப்யூட்டர் டீச்சர் அகிலா போனில் ஒரு ஆப்பில் தட்டிப் பார்த்துவிட்டு, "திருப்பிப் போட்டா பிரைம் இல்லன்னு காட்டுதுங்க மிஸ்" என்றாள். எதால் வகுபடும்? அதை அந்த ஆப் சொல்லாதாம்.

ஜூலை 18

ஒன்றும் புரியவில்லை. ஆப் தப்பா, நாங்கள் தப்பா?

ஜூலை 19

தாள்களை எடுத்து வைத்து மறுபடி வகுக்கத் தொடங்கினேன். நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தவர் எப்போது எழுந்து வந்தாரோ, பின்னால் நின்றிருந்தார்.

"எல்லாம் என் கையெழுத்தாவே இருக்கு. உன்னோடத எப்ப பாப்ப?"

அப்போதுதான் பார்த்தேன், நான் எடுத்து வைத்தது அவர் தாள்களை மட்டும். அவர் டிப்ளமோ, நான் எம்.எஸ்ஸி. — அதனாலா? சீ. நான் அப்படிப்பட்டவளா என்ன? தெரியலையே.

ஜூலை 21

டிபன் பாக்ஸ் வேண்டாமாம், கேண்டீனில் பார்த்துக்கொள்வாராம். எண் பகாவாக இருந்தால் என்ன, பகுவாக இருந்தால் என்ன? இந்த மனுஷன் பேசினால் போதும்.

ஜூலை 22

என் தாள்களையும் அவர் தாள்களையும் கலந்து வைத்து, சேர்ந்து பார்க்கலாம் வாங்க என்று கூப்பிட்டேன். வந்து உட்கார்ந்தார். ஒரு தாளின் அடியில் 853. பாதிக் கணக்கு, மீதி எழுதவில்லை.

தாளைக் கையில் எடுத்தார். "அன்னிக்கு இதைப் போடுறப்பவே பஸ் வந்துடுச்சு. ஓடுற கன்வேயர் பெல்ட்டைத்தானே அடுத்த ஷிப்ட் ரிலீவர் கையில குடுத்துட்டு வருவோம்? நீ எடுத்துப்பேன்னு வச்சிட்டுப் போயிட்டேன்."

நானோ, ரிலீவர் வராமல் கன்வேயரை விட்டு நகராத மனுஷன் 853-ஐ மட்டும் பாதியில் விடுவாரா என்று 857-இல் தொடங்கியிருக்கிறேன்.

அவர் சொல்லச் சொல்ல நான் வகுத்தேன். ஈவு 3517. மீதி பூஜ்யம். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு அழுகையும்.

ஜூலை 25

போர்டை அழித்துவிட்டு, விட்டுப்போன 853-ஐப் பற்றியே பேசினேன். இவர் யூனிஃபார்மோடு வந்து கடைசி வரிசையில் இருந்தார். இருவரும் வகுத்தோம் என்று சொன்னபோது தலையைக் குனிந்துகொண்டார்.

ஆகஸ்ட் 3

1000033 பகா எண். திருப்பினால் 3300001. இது எப்படியோ, தெரியாது.

பஸ்ஸில் ஏறியதும் இவர் போன். "17 பாதியில நிக்குது. நீ எடுத்துக்க."

எடுத்துக்கொண்டேன். மீதி 12. உடனே கூப்பிட்டுச் சொன்னேன்.