ரேடியோவில் நீ என்ன சொன்னாய், தினா?

என் மச்சான் தினாவுக்கு, உன் நம்பரை இன்னும் போனிலிருந்து அழிக்காதவன் எழுதுவது.

நீ போன பிறகு டிவியில் வந்த கார் ரேஸ் எதையும் நான் பார்க்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமைதான் பாஷா பாய் ஒர்க்‌ஷாப் பக்கம் போனேன். பூந்தமல்லி அப்படியேதான் இருக்கிறது. தலைக்கு மேலே மெட்ரோ பாலம், கீழே தூசி, பஸ் ஸ்டாண்டு வாசலை அடைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோக்கள். பாய் புது டிவி மாட்டியிருக்கிறார். நீ தட்டித் தட்டியே ஒரு பக்கம் பச்சையாகிப் போன பழைய டிவியைக் காயலான் கடையில் போட்டுவிட்டாராம்.

அன்றைக்கு ரேஸில் நல்ல மழை. முதலில் ஓடிக்கொண்டிருந்தவன், நம் கார்த்திக் உயிரை விடுகிற டிரைவர், வழுக்கிக்கொண்டு போய்ச் சுவரில் மோதினான். கார் நொறுங்கியது. அவன் இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி, தலையை ஆட்டிக்கொண்டே நடந்து போனான். அவ்வளவுதான், ஒர்க்‌ஷாப்பில் சண்டை ஆரம்பமானது.

"அவன் மேல தப்பே இல்ல மச்சி," என்றான் கார்த்திக். பருத்திப்பட்டு ஃப்ளாட்டிலிருந்து லேப்டாப் பையோடு வருவானே, அதே கார்த்திக்தான். "டயர் செத்துப்போச்சு, மாத்தணும்னு கார் ரேடியோல டீம்கிட்ட கெஞ்சியிருக்கான். டீம்தான் ஓட்டிக்கிட்டே இருன்னு சொல்லிட்டாங்க. அவன் என்ன பண்ணுவான்?"

"அத்த வுடு நைனா," என்றார் பாய். "ஸ்டியரிங்கு யார் கைல கீது? டீமு கைலயா கீது?"

"பாய், உங்களுக்கு ஸ்பேனர் தவிர ஒண்ணும் தெரியாது."

"உனுக்கு அதுவும் தெரியாது. போன வாரம் பங்சர் ஒட்ட தள்ளிக்கினு வந்தவன்தான நீ?"

நீ இருந்திருந்தால் இந்த இடத்தில் கையைத் தூக்கியிருப்பாய். "இரு, இரு. ரேடியோல இன்னா சொன்னான்? மொதல்ல அத்த போடு." காரில் ஓடுகிறவன் என்ன சொன்னான், டீமில் உட்கார்ந்திருக்கிறவன் என்ன பதில் சொன்னான், அதைக் கேட்காமல் நீ யார் மேலும் பழி போட மாட்டாய். கார்த்திக்கிடம் இங்கிலீஷுக்கு அர்த்தம் கேட்டுக் கேட்டு அவன் உயிரை எடுப்பாய்.

சண்டை முக்கால் மணி நேரம் போனது. மழை, காற்று, டயரின் சூடு, பிரேக், டீமின் அவசரம், அதிர்ஷ்டம், எல்லாவற்றையும் பேசினார்கள். பிறகு யாரோ உன் பெயரை எடுத்தார்கள். பாய் டிவி சத்தத்தைக் குறைத்தார்.

"பாவம் தினா," என்றான் கார்த்திக். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அவன் கண் கலங்கித்தான் இருந்தது. "ஆனா தூக்கம் வந்தா வண்டிய ஓரமா நிறுத்தியிருக்கணும்ல? அது டிரைவர் மிஸ்டேக்தானே."

"எல்லாம் அவன் நேரம்பா," என்றார் பாய்.

"ஒங்காளுக்கு இவ்ளோ நேரம் பேசினியே. தினாவுக்கு ஒரே வரிதானா?" என்று கேட்டேன்.

"அது வேற, இது வேற மச்சி."

என்ன வேறு, தினா? அந்த ரேஸ்காரன் சம்பளமா? அவன் ஹெல்மெட்டா? அவனைப் படம் பிடிக்க ஊரெல்லாம் கேமரா வைத்திருந்தார்கள், உன் வேனில் வைக்கவில்லை. அது மட்டும்தானா?

உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். நீ தூங்கித்தான் போனாய். முத்தாபுதுப்பேட்டையிலிருந்து வேலைக்குப் போகும் பெண்களை ஃபேக்டரிக்கு ஏற்றிக்கொண்டு போன காலை, பாடி மேம்பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் உன் கண் மூடிவிட்டது. வேன் நடுச்சுவரில் ஏறியது. நீ போய்விட்டாய். முன்சீட்டுப் பெண்களுக்குக் கை கால் உடைந்தது. அவர்களிடம் போய் நேரம், அதிர்ஷ்டம் என்றெல்லாம் கதைவிட முடியாது. ஆனால் உன்னை வேலைக்கு வைத்திருந்த வேன் காண்ட்ராக்டர் பெட்டிக்கடை வரைக்கும் நீ தூங்கியதை மட்டுமே சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். டிரைவர் தூங்கிட்டான், நான் என்ன செய்ய? தெருவே அதைத்தான் திரும்பச் சொல்கிறது.

அது அம்மாவை என்ன செய்திருக்கிறது தெரியுமா? உன் அம்மா காயம்பட்டவர்கள் வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்கிறார். "எம்புள்ள தெரியாம செஞ்சிட்டாம்மா." பழத்தை வைத்துவிட்டு, கொடுக்கிற தண்ணீரைக்கூடக் குடிக்காமல் வருகிறார். ஒரு வீட்டில் உள்ளே விடவில்லை. ஒருத்தி புருஷன் வாய்க்கு வந்தபடி பேசினான். அம்மா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு வந்தார்.

கடைசியாக ஒரு வீடு பாக்கி. புதன்கிழமை நான் வேலை செய்கிற கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு நான்தான் பைக்கில் கூட்டிப்போனேன். அந்தப் பெண்ணுக்கு நம்மைவிடச் சின்ன வயசு. தோளில் கட்டு. அம்மா வாயைத் திறக்கும் முன்பே அவள் தடுத்தாள்.

"நீங்க எதுக்கு ஆன்ட்டி மன்னிப்பு கேக்குறீங்க? அண்ணன் கெளம்பும்போதே காண்ட்ராக்டருக்கு போன் பண்ணி சொன்னாரு. ஸ்பீக்கர்ல போட்டிருந்தாரு, வண்டில இருந்த எல்லாருக்கும் கேட்டுது. 'சார், நைட்டு ஃபுல்லா ஐ.டி. காரங்கள எறக்கிட்டு இப்பதான் வந்துகினு கீறேன். கண்ணு எரியுது. வேற ஆள அனுப்பு சார்'னாரு. அந்தாளு, 'ஓட்டுனா ஓட்டு, இல்லனா சாவிய குடுத்துட்டு போய்க்கினே இரு'ன்னுட்டான்."

கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "நாங்களும் வாயத் தொறக்கல ஆன்ட்டி. லேட்டானா ஃபேக்டரி கேட்டுல உள்ள வுட மாட்டாங்க."

அம்மா பழப் பையைக் கீழே வைத்தார். "இத்த யார்கிட்டனா சொன்னியாம்மா?"

"யாரும் கேக்கலியே."

யாரும் கேட்கவில்லை, தினா. எங்கேயோ வெளிநாட்டில் ஒருவன் ரேடியோவில் முனகியது பூந்தமல்லியில் எங்களுக்குத் தெரியும். நீ சொன்னதை நாங்கள் யாரும் கேட்கவில்லை. உன் நண்பன் என்று சொல்லிக்கொள்கிற நானும் கேட்கவில்லை.

"எங்க வந்து சொல்லணும்னாலும் வந்து சொல்றேன்," என்றாள் அந்தப் பெண். அம்மா அவளுடைய நல்ல கையைப் பிடித்துக்கொண்டார். "வேணாம்மா. ஒன் வேல போயிடும். எனக்கு தெரிஞ்சிச்சே, அது போதும்."

திரும்பி வரும்போது ஆவடி சிக்னலில் நின்றிருந்தோம். பின்னாலிருந்து என் தோளில் கை வைத்தார். "போதும்னு சொல்லிட்டு வந்துட்டேன். போதலடா பிரபா."

எனக்கும் போதவில்லை மச்சான். அதனால்தான் இதை எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன். அந்தப் பெண்ணின் பெயரை எழுத மாட்டேன், நாள், காயம் எல்லாவற்றையும் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். வேனில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது, யார் சொன்னது என்று காண்ட்ராக்டர் தேடிக்கொள்ளட்டும். என் பெயர் கீழே இருக்கிறது. என்னைக் கேட்கட்டும்.

திங்கட்கிழமை அம்மாவும் நானும் அவனுடைய ஆபீசுக்குப் போகிறோம். உன் போனில் அந்தக் காலை பேசியது அவன்தானா இல்லையா என்று அம்மா கேட்பார். பதில் வரும்வரை நாங்கள் எழுந்து வர மாட்டோம். அங்கே பதில் கிடைக்காமல் வெளியே தள்ளினால் போலீஸ் ஸ்டேஷன், அதற்கப்புறம் கோர்ட். எனக்குக் கடையில் வேலை போனாலும் போகட்டும். உன் அம்மாவை இனி யார் வீட்டு வாசலிலும் தலைகுனிந்து நிற்க விடமாட்டேன். இது உன் மேல் சத்தியம்.

அம்மாவுக்கு மிச்சமிருக்கும் பிள்ளை,
உன் மச்சான் பிரபா