உன் வண்டியின் பின்கதவு

இசக்கியம்மன் துணை

மட்டாஞ்சேரி,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் இசக்கிசெல்விக்கு அப்பா சுடலைமணி எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் கைகால் சுகத்தோடு இருக்கிறோம். இத்தாலியில் அந்தக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கிற பிள்ளையும் அப்படியே இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். போனில் சொல்லலாமே என்பாய். போனை எடுத்ததும் அம்மா வந்து வாங்கிக்கொள்வாள், நான் சொல்ல வந்தது பாதியிலேயே நின்றுவிடும். அதனால் எழுதி, போட்டோ எடுத்து அனுப்புகிறேன். நீ மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளை, என் தமிழ் எழுத்து உனக்கு மெதுவாகத்தான் ஓடும். அவசரமில்லை, உட்கார்ந்து படி. திருப்பூணித்துறைப் பெரியம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இங்கே மழை இன்னும் விடவில்லை, பஜாரில் குடோன் வாசலெல்லாம் தண்ணீர். ஆனாலும் டூரிஸ்ட்டுகள் வருகிறார்கள், டாக்ஸிக்குச் சவாரி கிடைக்கிறது, ஒரு குறையும் இல்லை.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், கோபப்படாதே. நீ வேண்டாம் என்று சொல்லியும் நாங்கள் உன் வண்டியைப் போய்ப் பார்த்துவிட்டோம். நீ கார் வரைகிற உங்கள் கம்பெனியின் புது வண்டி கொச்சிக்கு வந்திருக்கிறது என்று டாக்ஸி ஸ்டாண்டில் எல்லாரும் பேசிக்கொண்டார்கள். உன்னிடம் சொன்னதற்கு, போகாதீங்கப்பா, இணையத்தில் எல்லாரும் அதன் பின்பக்கத்தைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், நாலு வருஷ உழைப்பு வீண், இந்த வேலைக்கு நான் லாயக்கில்லையோ என்று தோன்றுகிறது என்று அழாத குறையாகச் சொன்னாய். ஸ்பீக்கரில் அதை அம்மாவும் கேட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் காலையில் தலைவாரிப் பூ வைத்து, நல்ல புடவை கட்டி வந்து நின்று, எங்கே இருக்கிறது அந்தக் கடை என்று கேட்டாள். கடை தைக்கூடத்தில். என் டாக்ஸி வாசலிலேயே நிற்கிறது, ஆனால் நாங்கள் அதில் போகவில்லை. மட்டாஞ்சேரி ஜெட்டியில் வாட்டர் மெட்ரோ ஏறி, ஹைகோர்ட்டில் இறங்கி, அங்கிருந்து மெட்ரோ ரயில் பிடித்து, மிச்சத்தை நடந்தே போனோம். ஏன் என்று இப்போதாவது உனக்குச் சொல்லியாக வேண்டும்.

வெண்டுருத்திப் பாலத்துப் பக்கம் நம் பழைய டாக்ஸியில் பஸ் இடித்ததை, சின்ன உரசல் என்று உன்னிடம் சொல்லியிருந்தோம். சின்னது இல்லை மகளே. சிக்னலில் நின்றுகொண்டிருந்த வண்டியில் பின்னால் வந்து மோதினான். எனக்கு ஒன்றும் இல்லை, அம்மாவுக்கும் தோளில் அடி மட்டும்தான். ஆனால் பின்கதவு இரண்டும் நெளிந்து பூட்டிக்கொண்டன. உள்ளே அவள், வெளியே நான். நல்ல மழை. கைப்பிடியைப் பிடித்து இழுத்து இழுத்து அது கையோடு வந்துவிட்டது. ஆட்கள் ஓடிவந்து கண்ணாடியை உடைத்துத்தான் அவளை எடுத்தார்கள். அன்றிலிருந்து உன் அம்மா காரில் ஏறவில்லை, பஸ்ஸிலும் இல்லை. படகு, ரயில், இல்லையென்றால் நடை. புது டாக்ஸி வாங்கி முதலில் அவளைத்தான் உட்காரச் சொன்னேன், கதவு வரை வந்து வியர்த்துப் போய்த் திரும்பிவிட்டாள். தலைப்பிரசவத்துக்கு வா அம்மா என்று நீ கூப்பிட்டபோது, வர முடியாது என்று ஒரே வார்த்தையில் சொன்னாளே, அதற்குக் காரணம் இதுதான். நெடும்பாசேரி ஏர்போர்ட் வரை காரில் போக வேண்டுமே என்ற பயம். அவர்களைக் கேட்காமல் இங்கேயே பதிவுத் திருமணம் செய்துகொண்டேன், அந்தக் கோபம் அம்மாவுக்கு இன்னும் ஆறவில்லை என்று நீ மாப்பிள்ளையிடம் சொல்லி அழுதாய் என்று அவர் என்னிடம் சொன்னார். அப்படி இல்லவே இல்லை. மாப்பிள்ளை போட்டோவை அவள் சமையலறை அலமாரியில்தான் வைத்திருக்கிறாள். பயத்தைச் சொல்ல அவளுக்கு வெட்கம், உன்னிடம் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். இப்போது அவளே எழுதச் சொன்னதால் எழுதுகிறேன்.

சரி, வண்டிக்கு வருகிறேன். நான் உன் அப்பா என்பதை மறந்துவிட்டு, ஸ்டீரிங் வளையம் பிடித்துப் பிழைக்கிற டிரைவராகவே சொல்கிறேன். ஷோரூம் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் அது நின்றது, மழை விட்ட பிறகு காயல் தண்ணீர் இருக்குமே, பச்சையா சாம்பலா என்று சொல்ல முடியாமல், அந்த நிறம். இந்த விலை வண்டிகள் எல்லாம் முன்னால் பெரிய கிரில் வைத்து, பல்லைக் காட்டிக்கொண்டு வரும். இது வாயை மூடிக்கொண்டு மரியாதையாக நிற்கிறது. விளக்கு இரண்டும் பாதி மூடின கண் மாதிரி மெல்லிசு. பக்கவாட்டில் முன்சக்கரத்துக்கு மேலே எழும்பி வருகிற ஒரே ஒரு மடிப்பு, அது கதவுகளைத் தாண்டிப் போய்ப் பின்விளக்குக்குள் எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை, தொட்டுப் பார்த்தால்தான் தெரிகிறது. யார் போட்ட கோடோ அது, அவர்கள் கையைப் பிடித்துக் கும்பிடலாம். நீளத்தில் என் டாக்ஸியை விடச் சின்னது, யூதத் தெருவில் பழம்பொருள் கடைக்காரர்கள் சாமான் பரப்பி வைத்திருக்கும்போதும் இதை உரசாமல் திருப்பிவிடலாம். ஆனால் நிற்கிற நிலையில் ஒரு பெரிய வண்டியின் கம்பீரம். சக்கரத்தை நாலு மூலைக்கும் தள்ளி வைத்ததால் அப்படி இருக்கிறதென்று நினைக்கிறேன். குறைகளையும் சொல்லிவிடுகிறேன். ஏசியைக் கூட்டவும் குறைக்கவும் திரையைத் தொட வேண்டியிருக்கிறது, ஓட்டுகிறவன் ரோட்டைப் பார்ப்பானா திரையைப் பார்ப்பானா, ஒரு திருகு வைத்திருக்கலாம். உள்ளே பளபளவென்று ஒரு கறுப்புப் பலகை, அதில் என் விரல் ரேகை எல்லாம் பதிந்துவிட்டது. ஸ்டெப்னி இல்லையாம். எல்லாரும் சிரிக்கிறார்கள் என்றாயே அந்தப் பின்பக்கம், அதன் கண்ணாடி சின்னதுதான், அது உண்மை. ஆனால் சிரிக்கிற மாதிரி ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. போட்டோவில் தட்டையாக, வெட்டி விட்ட மாதிரி தெரிகிறது, நேரில் அது உள்பக்கமாக வளைந்து இறங்குகிறது. அந்த வளைவைப் போட்டோ பிடிக்கவில்லை. நாலைந்து பேர் வண்டியைச் சுற்றி வந்தார்கள், எல்லாரும் நின்று பார்த்தது அந்த இடத்தில்தான்.

எங்களுக்கு வண்டியைச் சுற்றிக் காட்ட வந்தது ஆஷிஃபா என்று ஒரு பெண், பாலக்காட்டுப் பக்கம், வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள். நாங்கள் வாங்க வரவில்லை, பார்க்கத்தான் வந்தோம் என்று நான் முதலிலேயே சொல்லிவிட்டேன். அதற்கென்ன என்று சிரித்தபடி நாலு கதவையும் திறந்து வைத்தாள். உன்னைப் பற்றி நாங்கள் மூச்சுவிடவில்லை. அம்மா முன்பக்கம் எதையும் பார்க்கவில்லை. நேரே பின்கதவுக்குப் போய் நின்றாள். பின்பக்கத்தோடு அந்தக் கதவும் நீ வரைந்ததுதான் என்று அவளுக்குத் தெரியுமே. கதவு நன்றாக அகன்று திறக்கிறது. கீழே கால் வைக்கிற படியையும் அதுவே மூடிக்கொள்கிறது, அதனால் திறந்தால் படியில் சேறு இல்லை. ஆஷிஃபா அதைச் சொல்வதற்கு முன்பே அம்மா குனிந்து படியைத் தடவிவிட்டு, புடவைக் கரையில் அழுக்கு ஆகாது என்றாள். சீட்டு அவள் இடுப்பு உயரத்துக்கு இருக்கிறது. ஏறவும் வேண்டாம், குனியவும் வேண்டாம், அப்படியே உட்கார்ந்து காலை உள்ளே வைத்தால் போதும். ஆனால் அவள் உட்காரவில்லை. கையை மட்டும் உள்ளே நீட்டிக் கதவின் கைப்பிடியைத் தொட்டாள். இந்த மாதிரி வண்டிகளில் இப்போது கரண்ட் பட்டன்தான் இருக்கும், அழுத்தினால் திறக்கும். இதில் பட்டன் இல்லை, உள்ளங்கை அகலத்துக்குத் தோல் சுற்றிய ஒரு பிடி. அம்மா கேட்டாள், "கரண்ட் நின்னு போச்சுன்னா இது தொறக்குமா?" ஆஷிஃபா தானே உள்ளே போய் உட்கார்ந்து, வண்டியை முழுக்க அணைக்க என்னிடம் சொல்லி, கதவை அடைத்து, உள்ளேயிருந்து பிடியை இழுத்தாள். கதவு திறந்தது. இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்தால், வெளியே பூட்டியிருந்தாலும் கம்பி இழுத்துத் திறக்கும் என்றாள். போன வருஷம் ஒரு கைப்பிடிக்காக ஆபீஸில் எல்லாரோடும் சண்டை என்று நீ சொன்னது எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது. இதுக்குப் போயா சண்டை போடுவாய் என்று நான் அன்றைக்கு உன்னைக் கேலி செய்தேன்.

அம்மா உட்கார்ந்தாள். கதவைத் தானே அடைத்தாள். திறந்தாள். மறுபடி அடைத்தாள். எத்தனை தரம் என்று எனக்குத் தெரியாது, ஷோரூமில் இருந்தவர்கள் எல்லாம் பார்த்தார்கள், அவள் யாரையும் பார்க்கவில்லை. அந்தக் கதவு அடைகிற சத்தத்தையும் சொல்ல வேண்டும், அடிக்கிற சத்தமே இல்லை, அரிசி மூட்டையை மெதுவாக இறக்கி வைத்த மாதிரி. கடைசியில் கதவை அடைத்துவிட்டு உள்ளேயே இருந்துவிட்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் முகத்தைப் பார்த்து, திறந்துவிடலாம் என்று வெளிப் பிடியில் கை வைத்துவிட்டேன். ஆனால் அவள் கண்ணாடியை இறக்கி, நீங்க ஓட்டுங்க, ஒரு சுற்றுப் போவோம் என்று என்னிடம் சொன்னாள். ஆஷிஃபா உள்ளே அனுமதி கேட்டு வந்து, ஷோரூம் கண்ணாடிக் கதவைத் திறக்க வைத்து, முன்னால் ஏறிக்கொண்டாள். நான் ஓட்டினேன். எத்தனையோ வருஷமாக வண்டி ஓட்டுகிறேன், இவ்வளவு பயந்து ஓட்டியது கிடையாது. பைபாஸில் வண்டி குழியில் இறங்கி ஏறுவது ஆளுக்குத் தெரியவில்லை, அவ்வளவு மெத்தென்று போகிறது. நான் அதையெல்லாம் ரசிக்காமல் கண்ணாடியில் அவளையே பார்த்தபடி இருந்தேன். வலது கை அந்தப் பிடியை இறுக்கிக்கொண்டிருந்தது. குண்டனூர் பாலத்தில் நெரிசல், நின்றோம், பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே வந்து ஒட்டி நின்றது. அம்மா திரும்பி அந்தச் சின்னக் கண்ணாடி வழியாகப் பஸ்ஸைப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். சிக்னல் விழுந்து நான் நகர்த்தினேன், பாலம் இறங்கி அடுத்த தடவை பார்க்கும்போது அவள் கை இரண்டும் மடியில் இருந்தன. ஜன்னல் வழியாகக் காயலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்து இறங்கினதும் அவள் வாயை மூடி வைக்க என்னால் முடியவில்லை. ஆஷிஃபாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்தக் கதவு எம்மவ வரைஞ்சதாக்கும்" என்றாள். அந்தப் பிள்ளை நம்பாமல் என்னைப் பார்த்தது. நான் தலையாட்டினேன். அப்புறம் நடந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். மேனேஜர் வந்தார், மெக்கானிக்குகள் வந்தார்கள், சாயா வந்தது, அம்மாவை வண்டிக்குப் பக்கத்தில் நிற்க வைத்துப் போட்டோ எடுத்தார்கள். ஒரு மெக்கானிக் சேட்டன், இந்தப் பின்பக்கத்தைத்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது, மகளிடம் சொல்லணும் என்று மலையாளத்தில் சொன்னார். நான் உனக்காக இட்டுக்கட்டவில்லை, வேண்டுமானால் ஆஷிஃபாவின் நம்பர் தருகிறேன், கேட்டுக்கொள். இணையத்தில் சிரிக்கிறவர்கள் யாரும் அதில் ஏறி உட்கார்ந்தவர்கள் இல்லை மகளே. உன் அம்மா உட்கார்ந்திருக்கிறாள். வேலையை விடுவதைப் பற்றி யோசிக்கிறதாக இருந்தால், பிள்ளை பிறந்து, ஆற அமர இருந்து யோசி, இப்போது வேண்டாம்.

வீட்டுக்கு வரும்போது பழையபடி ரயிலும் படகும்தான். மறுநாள் காலை சவாரிக்குக் கிளம்பி வெளியே வந்தால், நம் டாக்ஸியின் பின்சீட்டில் அம்மா உட்கார்ந்திருக்கிறாள். கதவு திறந்தே இருந்தது, முகமெல்லாம் வியர்வை. இது செல்வி வரைஞ்ச கதவு இல்லையே என்றேன். தெரியும், நீங்கள் கதவை அடைத்துவிடுங்கள் என்றாள். அன்றைக்குச் சவாரியை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு, அவள் சொன்ன இடத்துக்கு ஓட்டினேன். வழியில் இரண்டு இடத்தில் நிறுத்தச் சொன்னாள், இறங்கி நின்று மூச்சு வாங்கிவிட்டு மறுபடி ஏறினாள். ஆலுவா பாலத்தில் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். நெடும்பாசேரியில் பயணம் போகிறவர்களை வழியனுப்புகிற வாசலுக்கு எதிரே கொஞ்ச நேரம் நின்றோம். பெட்டி தள்ளிக்கொண்டு போகிறவர்கள், கட்டிப்பிடித்து அழுகிறவர்கள், எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம் சொன்னாள், "வளைகாப்புக்குத்தான் போக முடியல. பேறுகாலத்துக்குப் போயிருவேன். டிக்கெட் போடச் சொல்லுங்க."

ஆகவே டிக்கெட் போடு மகளே, இரண்டு பேருக்கும். விசாவுக்கு என்னென்ன கடுதாசி வேண்டுமென்று மாப்பிள்ளையிடம் கேட்டு அனுப்பு. இரும்புச்சத்து மாத்திரையை மறக்காதே, ரொம்ப நேரம் குனிந்து வரையாதே, அந்த ஊர்ப் படிக்கட்டில் பிடித்து இறங்கு. மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசி. உன் தலையிலும் உன் வயிற்றிலும் கை வைத்து அம்மன் காக்கட்டும், நல்லபடியாகப் பெற்றுப் பிழைத்து நீ எழுந்து உட்கார வேண்டும். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். இதைப் படித்ததும் அம்மாவுக்குப் போன் செய், ஆனால் பயத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காதே. வண்டி எப்படி இருந்தது என்று மட்டும் கேள். அவள் சொல்லுவாள்.

உன் அப்பா,
சுடலைமணி